நாள்கணக்கு: கிராமத்துக் கல்வெட்டிலிருந்து வைஃபை பதிவு வரை

திருக்கோவிலூருக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையோரம், திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் 'கிராமம்' என்பதையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டுத் திருக்கோவிலூர் தாலுகாவைச் சேர்ந்தது. தேவாரம் அதைத் திருமுண்டீச்சரம் என்கிறது. அங்கே சிவலோகநாதர் கோயிலில் முதற் பராந்தக சோழனின் 36ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இளவரசன் இராசாதித்தனின் படைத்தலைவனாக இந்தப் பகுதியில் தங்கியிருந்த கேரளத்து வெள்ளங்குமரன் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்ததை அது சொல்கிறது. கொடை, கோயில், அரசன் என்று வழக்கமான செய்திகள்தாம். ஆனால் நாளைக் குறித்த விதம் வழக்கமானதில்லை. ஆட்சியாண்டோடு கலியுகம் 4044 என்ற ஆண்டு, கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிய நாள் 14,77,037, கிழமை சனி, நட்சத்திரம் ரேவதி என்று ஒரே நாளுக்குப் பல அடையாளங்களைக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.

இந்த எண்ணைச் சரிபார்க்கத் தாளும் பேனாவும் போதும். கலியுகத்தின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. 14,77,037ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. வெள்ளியை 1 என்று வைத்தால் 2 சனி. கல் வெட்டியவர் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டிருந்தால் பெரும்பாலும் கிழமை இடித்திருக்கும். கணக்கைத் தொடர்ந்தால் அந்த நாள் கி.பி. 943 ஜனவரி 14 என்று வருகிறது. அன்று நிலவு அமாவாசையிலிருந்து ஐந்து நாள் தள்ளியிருந்தது. தையின் அந்த நாளில் அந்த நிலவு ரேவதியில் நின்றிருக்கும். எண், கிழமை, வானம் மூன்றும் ஒத்துப்போகின்றன. அந்த ஆண்டு 36ஆவது என்பதால் பராந்தகன் பட்டத்துக்கு வந்தது 907இல் என்பதும் இங்கிருந்தே பிடிபட்டது.

மற்றக் கல்வெட்டுகளுக்கு இந்த வசதி அமைவதில்லை. பெரும்பாலானவை 'இன்ன அரசற்கு யாண்டு இத்தனையாவது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆட்சியாண்டு என்பது ஒவ்வோர் அரசனுக்கும் தனித்தனியே முதலிலிருந்து தொடங்கும் எண்ணி. திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவர், சோழர், இராட்டிரகூடர் என்று பல மரபினரின் கல்வெட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு சுவரில் 'யாண்டு 17' என்றும் பக்கத்துச் சுவரில் 'யாண்டு 6' என்றும் இருந்தால் எது முந்தியது என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், அதாவது கல்வெட்டுகள் சொல்லும் கன்னரதேவன், 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தனை வென்ற பிறகு தொண்டை நாடும் திருமுனைப்பாடியும் அவன் கைக்குப் போயின. அவன் ஆட்சி தொடங்கியது 939இல், மான்யகேடத்தில். ஆகவே பெண்ணைக் கரைக்கு வரும்போதே அவன் ஆண்டுக் கணக்கு நடுவிலிருந்துதான் வருகிறது. எண்ணி வேறெங்கோ ஓடத் தொடங்கிவிட்டது. இங்கே கிடைப்பது அதன் பின்பகுதி.

தனித்தனியே ஓடும் எண்ணிகளைக் கோக்க வேண்டுமென்றால் இரண்டும் கண்ட பொதுவான நிகழ்ச்சி ஒன்று வேண்டும். வானம் அதைக் கொடுத்தது. வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்தில் இராசராசனின் 7ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ஐப்பசி விஷுவையும் ரேவதியையும் சந்திர கிரகணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கிரகணம் 991 செப்டம்பர் 26 என்று கணக்கிட்டார்கள். கிரகணம் சோழனுக்கு ஒன்றாகவும் இராட்டிரகூடனுக்கு வேறாகவும் பிடிக்காது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த கீல்ஹார்ன் இப்படிப்பட்ட கிழமை, திதி, நட்சத்திரக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இராசராசன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் என்று சுருக்கிக் காட்டினார். பிறகு சென்னை அரசுப்பணியில் இருந்த எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் இந்தியக் காலக்கணித நூலையும், 1922 முதல் கி.பி. 700இலிருந்து 1799 வரையிலான பஞ்சாங்க அட்டவணைகளையும் வெளியிட்ட பின், கல்வெட்டு படிப்பவர் எவரும் தாமே நாளைக் கண்டுகொள்ள வழி பிறந்தது. அவர் கடைசியில் சென்னைச் சட்டமன்றத் தலைவராகவும் இருந்தார். இன்று அவரை நினைப்பவர்கள் பெரும்பாலும் கல்வெட்டுக்காரர்களும் சோதிடர்களும்தான்.

எண்ணியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுச் சுற்றில் 'விரோதி வருடம்' என்று மட்டும் எழுதினால் அது எந்தச் சுற்றின் விரோதி என்பது தெரியாது. எண்ணி சிறியதாக இருந்தால் சீக்கிரம் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். கம்பியில்லா வலை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியவர்கள் ஆயிரம் ஆண்டு கழித்து இதே வில்லங்கத்தில் மாட்டினார்கள்.

நாளிலிருந்து நிமிடத்துக்கு இறங்க வைத்தது ரயில். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னை நேரத்தை நிறுவினார். அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்தது. தந்தி வந்ததும் இந்த நேரம் கம்பிவழி ஊர்களுக்குப் போயிற்று. இந்திய ரயில்கள் நெடுங்காலம் சென்னை நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரம் 8 நிமிடம் 46 நொடி முன்னே தள்ளப்பட்டது. திருக்கோவிலூர் ரயில் நிலையம் ஆற்றின் வடகரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம், விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் தடத்தில் இருக்கிறது. அதுபோன்ற நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேட்டில் வண்டி வந்த நேரம், விட்ட நேரம், அடுத்த நிலையத்துக்கு மணி அடித்த நேரம் எல்லாம் கைப்பட எழுதப்படும். நாடெங்கும் முதன்மை நிலையங்களுக்கு நாள்தோறும் 16 மணிக்குத் திட்ட நேரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்றும் ரயில்வே பொது விதி. இரண்டு நிலையத்துப் பதிவேடுகளை ஒட்டிப் படிக்க முடிவது அந்த நாலு மணித் தகவலால்தான்.

கைப்பதிவில் ஓர் இடைவெளி எப்போதும் இருக்கிறது. வண்டி நிற்கும் கணம் ஒன்று, மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கும் கணம் ஒன்று, பேனா தாளில் படும் கணம் ஒன்று. நிமிடத்தில் எழுதும்வரை இது யாருக்கும் உறுத்தாது. அலகு சிறுத்தால் இந்த இடைவெளியே பெரிய சிக்கலாகிவிடும்.

அலகு உண்மையிலேயே சிறுத்தது கணினி வலையமைப்பில். ஓடும் தரவைப் பிடித்துப் பதிந்து பார்க்கும் வழக்கம் 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்ட 'டிசிபிடம்ப்' என்ற மென்பொருளால் பரவியது. அதன் கோப்பில் பாக்கெட் எனப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டின் முன்னாலும் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளும் மைக்ரோ நொடிகளும் எழுதப்படும். தொடக்க நாளை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் எழுதுவது கிராமத்துக் கல்லின் கலி நாளைப் போன்றதே. இந்த நேரத்தை எழுதுவது கணினியின் இயங்குதளம். பாக்கெட் வலை அட்டைக்கு வரும். அட்டை அதை நினைவகத்தில் இறக்கும். பிறகு செயலியைக் கூப்பிடும். செயலி கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வரும். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்கும். ஸ்டேஷன் மாஸ்டரின் பேனா இங்கேயும் தாமதமாகத்தான் தாளைத் தொடுகிறது. நெரிசலான நேரத்தில் அட்டை நாலைந்து பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவை கூப்பிடும். அப்படி வந்தவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரம் விழும். யுஎஸ்பி வழியாகச் செருகும் அட்டை என்றால் இன்னும் மோசம். பழைய வேகத்தில் யுஎஸ்பி பேசுவதே ஒரு மில்லி நொடிக்கு ஒரு தவணை.

கம்பிவழி வலையில் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். வைஃபையில் பொறுக்க முடியவில்லை. காற்றில் ஒருவர் பேசி முடித்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் என்றால் சரியாக 10 மைக்ரோ நொடி கழித்து, மற்றவர் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகையை அனுப்ப வேண்டும். யார் யாரை இடைமறித்தார், யார் காத்திருந்தார், எந்த இரைச்சலால் எது கெட்டது என்பதெல்லாம் பத்து, இருபது மைக்ரோ நொடி இடைவெளிகளில் ஒளிந்திருக்கிறது. நூறு மைக்ரோ நொடி முன்பின்னாக எழுதிய பதிவில் அந்த இடைவெளிகள் மொத்தமாக அழிந்துபோகும்.

தேவைப்பட்ட கடிகாரம் அட்டைக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தது. 1997இல் வந்த ஐஇஇஇ 802.11 நியமம் ஒவ்வொரு கம்பியில்லா நிலையத்துக்கும் மைக்ரோ நொடிக்கு ஒன்று கூடும் 64 பிட் எண்ணியை விதித்தது. நேர ஒத்திசைவுச் செயல்பாடு என்பது அதன் பெயர். டிரைவர் எழுதுபவர்கள் டிஎஸ்எஃப் என்பார்கள். முழு 64 பிட்டும் சுற்றி முடிய ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இதை ஆய்வாளருக்காக வைக்கவில்லை. பேட்டரியைச் சேமிக்கத் தூங்கும் கருவிகள் சரியான கணத்தில் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்காக வலையை நடத்தும் ஆக்சஸ் பாயின்ட் வழக்கமாக 102.4 மில்லி நொடிக்கு ஒரு தடவை 'பீக்கன்' என்ற அறிவிப்பை அனுப்பி, அதில் தன் எண்ணியைச் சொல்லும். சேர்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் எண்ணியைத் திருத்திக்கொள்வார்கள். ரயில்வேயின் நாலு மணித் தகவல் இங்கே நொடிக்குப் பத்துத் தடவை நடக்கிறது.

டிரைவர் செய்ய வேண்டிய வேலை, பாக்கெட் வந்த கணத்தில் அட்டை குறித்துக்கொண்ட அந்த எண்ணைப் பதிவோடு சேர்த்து வெளியே கொடுப்பது. முதலில் பிரிசம் சிப்புகளுக்கான டிரைவர்கள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் தனித் தலைப்பு ஒட்டின; அதில் கணினி நேரத்துக்கு ஒரு கட்டமும் அட்டை நேரத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. அடுத்து வந்த ஏவிஎஸ் தலைப்பும் இந்த இரண்டையும் வைத்திருந்தது. இரண்டிலும் கட்டங்கள் மாறாதவை. புதிய செய்தி ஒன்று சேர்க்க இடமில்லை. பிஎஸ்டி இயங்குதளத்தில் உருவான ரேடியோடேப் தலைப்பு இதைத் தீர்த்தது. எந்தெந்தச் செய்தி இருக்கிறது என்பதை முதலில் பிட் பிட்டாகச் சொல்லிவிட்டு, இருப்பதை மட்டும் அடுக்கும். அந்த வரிசையில் பூஜ்யமாவது பிட், அதாவது முதலிடம், டிஎஸ்எஃப் நேரத்துக்கு. சமிக்ஞை வலிமையும் அலைவரிசையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வடிவமைத்தவர்கள் எதை முதலில் நினைத்தார்கள் என்பது அந்த இடத்திலிருந்தே தெரிகிறது.

பதிவுகளைத் திறந்து பார்க்கும் வயர்ஷார்க் மென்பொருளில் இப்படி ஒரு பீக்கனைத் திறந்தால் ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று நேரம் கிடைக்கும். அனுப்பிய ஆக்சஸ் பாயின்ட்டின் எண்ணி பீக்கனின் உள்ளே. கேட்ட அட்டையின் எண்ணி ரேடியோடேப்பில். கணினியின் நேரம் கோப்பின் தலைப்பில். அடுத்தடுத்த இரு பீக்கன்களின் உள்ளெண்களைக் கழித்தால் 1,02,400 அல்லது அதையொட்டிய எண் வரும். அட்டை எண்களைக் கழித்தாலும் அதேதான், ஓரிரண்டு மைக்ரோ நொடி கூடக்குறைய. கணினி நேரங்களைக் கழித்தால் மட்டும் விடை ஒவ்வொரு தடவையும் தள்ளாடும். அரசாண்டு, கலி நாள், கிழமை என்று ஒரே கல்லில் நின்ற மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்ததுபோல் இங்கேயும் பார்க்கலாம்.

சிப்பு செய்தவர்கள் எல்லோரும் தாராளமாக இருக்கவில்லை. அத்தெரோஸ் நிறுவனத்தின் பழைய சிப்புகள் எண்ணியை 64 பிட்டில் ஓட்டினாலும், வந்த பாக்கெட்டோடு கொடுத்தது கடைசி 15 பிட்டை மட்டுமே. 15 பிட் 32,768 மைக்ரோ நொடியில் சுற்றிவிடும். 'விரோதி வருடம்' என்று மட்டும் எழுதிய ஓலை அது. லினக்ஸின் ஏடிஎச்5கே டிரைவர் இதற்குச் செய்த வழி எளியது. பாக்கெட்டை எடுத்த கையோடு முழு 64 பிட் எண்ணியை இப்போது என்ன என்று கேட்கும். அதன் கடைசி 15 பிட், பாக்கெட் சொன்னதைவிடச் சிறியதாக இருந்தால், இடையில் ஒரு சுற்று முடிந்திருக்கிறது என்று கொண்டு ஒரு சுற்றைக் கழிக்கும். பிறகு கடைசி 15 பிட்டைப் பாக்கெட்டின் எண்ணால் மாற்றிவிடும். ஏறத்தாழ 33 மில்லி நொடிக்குள் எடுத்தால் விடை பிசகாது. செயலி அதற்குமேல் தூங்கிவிட்டால் ஒரு சுற்று தவறிவிடும். பின்னால் வந்த சிப்புகள் 32 பிட் கொடுத்தன. அது சுற்ற 71 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் இந்தக் கவலை ஏறக்குறைய ஒழிந்தது.

அதைவிடப் பிடிவாதமான கேள்வி, 'வந்த நேரம்' என்றால் எந்தக் கணம் என்பது. வண்டியின் எஞ்சின் நடைமேடையைத் தொட்டபோதா, கடைசிப் பெட்டி உள்ளே வந்தபோதா? ரேடியோடேப் விதி, தரவின் முதல் பிட் அட்டையைத் தொட்ட கணம் என்கிறது. சில சிப்புகள் முடிந்த கணத்தைக் குறிக்கும். சில அதற்கும் முந்தி, முன்னறிவிப்புக் குறி தொடங்கிய கணத்தைக் குறிக்கும். வேறுபாடு சின்னதில்லை. 1,500 பைட் செய்தியை 802.11ஜியில் 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 248 மைக்ரோ நொடி ஆகும். அதில் முதல் 20 முன்னறிவிப்பு. அதே செய்தியை ஒரு மெகாபிட்டில் அனுப்பினால் 12 மில்லி நொடிக்கு மேல். தொடக்கத்தைச் சொல்லும் அட்டையின் பதிவையும் முடிவைச் சொல்லும் அட்டையின் பதிவையும் அப்படியே சேர்த்தால், பதில் கேள்விக்கு முந்தி வந்ததாகக்கூடத் தோன்றும். அதனால் லினக்ஸின் கம்பியில்லாப் பகுதியில், நேரம் தொடக்கமா முடிவா முன்னறிவிப்பா என்பதை டிரைவர் கொடியிட்டுச் சொல்ல வேண்டும்; நடுவிலுள்ள அடுக்கு வேகத்தையும் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டு ஒரே இடத்துக்கு நகர்த்தும். வேகத்தைத் தவறாகச் சொல்லும் டிரைவர் நேரத்தையும் தவறாகவே சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வோர் அட்டையின் எண்ணியும் தனி அரசனின் ஆட்சியாண்டுதான். எந்த வலையிலும் சேராமல் ஒட்டுக்கேட்க மட்டும் வைத்த அட்டையில் எண்ணி மின்சாரம் கொடுத்ததும் பூஜ்யத்தில் தொடங்கித் தன் படிகத்தின் போக்கில் ஓடும். கட்டடத்தின் பல மூலைகளில் வைத்த அட்டைகளின் பதிவுகளைக் கோக்க 2006இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஒரு குழு 'ஜிக்சா' என்ற முறையைக் காட்டியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரேடியோக்கள். ஒரே பாக்கெட்டை இரண்டு, மூன்று ரேடியோக்கள் கேட்டிருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து, அதை வைத்து எண்ணிகளை ஒன்றோடொன்று பொருத்தினார்கள். படிகங்கள் மெல்ல விலகுவதால் அதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். திருவல்லத்துக் கிரகணம் செய்த வேலையை அங்கே பொதுவாகக் கேட்ட பாக்கெட் செய்தது.

தமிழ்நாட்டில் வைஃபையின் நேரக்கணக்கு உண்மையான நெருக்கடிக்கு உள்ளானது தேனியில். அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நெடுந்தொலைவு வைஃபையால் இணைத்தது. ஊரில் இருக்கும் நோயாளி தேனியிலிருக்கும் மருத்துவரோடு திரையில் பேசினார். வைஃபை ஓர் அறைக்கென்று வகுத்தது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 3.3 மைக்ரோ நொடி. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100. வழக்கமான அட்டை அதற்குள் ஒப்புகை வரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005இல் வெளியிட்ட முறையும், தேனி அனுபவத்தோடு 2007இல் பெர்க்லி குழு வெளியிட்ட வைல்ட்நெட்டும், 'கேட்டுப் பார்த்துப் பேசு' என்ற வைஃபை வழக்கத்தை விட்டு, முறைவைத்துப் பேசும் நேரத்துண்டுகளுக்குப் போயின. வைல்ட்நெட்டில் துண்டு ஒன்றுக்கு 20 மில்லி நொடி. அப்படிப்பட்ட இணைப்பில் ஒரு முனையின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பழுது பார்க்க முடியாது. இரு கோபுரத்திலும் எடுத்த பதிவுகளை ஒட்டினால்தான் யார் முறை தவறினார் என்பது தெரியும்.

லினக்ஸ் தன் பங்குக்கு 2009இல், வலை அட்டை குறித்த வன்பொருள் நேரத்தைப் பயன்பாட்டு மென்பொருள் நேரடியாகக் கேட்டுப்பெற ஒரு பொது வழியை ஏற்படுத்தியது. ஆனால் அது கம்பிவழி அட்டைகளில் நேரத்தை நானோ நொடிக்குப் பொருத்தும் ஐஇஇஇ 1588 நியமத்துக்காக வந்தது. வைஃபை பதிவுகளில் ரேடியோடேப்பின் முதல் கட்டமே தொடர்ந்து புழங்குகிறது. மைக்ரோ நொடி போதாதவர்களுக்காக ரேடியோடேப்பில் பிறகு 22ஆம் பிட்டில் இன்னொரு நேரக் கட்டம் சேர்ந்தது. அதில் 64 பிட் நேரத்தோடு, அது மில்லி நொடியா மைக்ரோவா நானோவா என்ற அலகு, எவ்வளவு பிசகலாம் என்ற அளவு, செய்தியின் எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பு எல்லாம் உண்டு. கணக்குப் போட்டு நகர்த்தும் வேலை அங்கே டிரைவரை விட்டுப் பதிவைப் படிப்பவர் கைக்கு வந்துவிடுகிறது.